புதிதாக ஓர் ஆன்லைன் ஆர்பிஜி வந்தால் கேரக்டரை எவ்வளவு தூரம் நம் இஷ்டத்துக்கு விடணும்?

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்)

வருடத்துக்கு நாலு டிரெய்லராவது பார்க்கிறோம். மலை, டிராகன், பின்னால் கோரஸ், அதோடு சரி. ரயட் கம்பெனி 2020 டிசம்பரில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமின் உலகத்தை வைத்து ஒரு ஆன்லைன் ஆர்பிஜி, அதாவது நெட்டில் பலரோடு சேர்ந்து நாம் ஒரு கேரக்டராகவே ஆடுகிற கேம், செய்வதாகச் சொன்னது. 2024 மார்ச்சில், போகிற திசையை மாற்றிக்கொண்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அது வருகிறதோ வேறு ஏதாவது வருகிறதோ, எனக்குக் கிராபிக்ஸ் பெரிய விஷயம் இல்லை. என் கேரக்டர் என் கேரக்டராக இருக்கணும்.

விளக்கமாகவே சொல்கிறேன். பிளாக் டெசர்ட்டில் மூக்கு நுனி, உதட்டு ஓரம் வரை இழுத்து இழுத்து மாற்றலாம், 2016-ல் அமெரிக்கா ஐரோப்பாவில் கேம் வருவதற்கு முன்பே முகம் செய்கிற பகுதியை மட்டும் தனியாக டவுன்லோடு செய்ய விட்டார்கள், ஜனங்கள் கேமே இல்லாமல் முகம் மட்டும் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் கிளாஸை (வீரன், மந்திரவாதி மாதிரி ஆள் வகையை) தொட்டதும் ஆணா பெண்ணா என்பது அதோடு முடிவாகிவிடும். ராக்னராக் இதற்கு நேர்மாறு. தோற்றத்தில் தலைமுடி ஸ்டைல், நிறம், அவ்வளவுதான். ஆனால் ஆறு ஸ்டாட்டில் (பலம், வேகம் மாதிரி திறன்களில்) புள்ளிகளை எப்படிப் போடுகிறோம் என்பதை வைத்து ஒரே நைட் இரண்டு வேறு ஆளாகிவிடுவான், அடியிலிருந்து நழுவுகிற அஜி நைட் ஒருத்தன், அடியை வாங்கிக்கொண்டே நிற்கிற விட் நைட் ஒருத்தன். ப்ரௌசிங் சென்டர் காலத்தில் இந்தியாவுக்கென்று தனி சர்வர் இருந்தபோது ஆடியவர்களுக்கு நினைவிருக்கும், போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க வழி கிடையாது, பிடிக்கவில்லையென்றால் ஆரம்ப நிலையான நோவிஸிலிருந்து மறுபடி.

எனக்கு இரண்டும் ஒரே கேமில் வேண்டும். தோற்றத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பில்டையும் (புள்ளி, ஸ்கில் எல்லாம் போட்டு ஆளை அமைக்கிற விதத்தையும்) மாற்றலாம், ஆனால் அதற்குக் கேமுக்குள் உழைப்பு கேட்கட்டும், கார்டு நம்பர் கேட்கக் கூடாது. உங்களுக்கெல்லாம் என்ன வேண்டும், சொல்லுங்கள்.

---

நெய்வேலி நெக்ரோ

தல, முதல் பாதி சரி. பில்டை மாற்றலாம் என்கிற இடத்தில்தான் ஒத்துவரவில்லை. மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்த நிமிடமே அது முடிவு இல்லை, வெறும் மெனு.

அல்டிமா ஆன்லைனைப் பாருங்கள், 1997-ல் வந்தது. கிளாஸே கிடையாது. வாள் வீசினால் வாள் வித்தை ஏறும், தூண்டில் போட்டால் மீன்பிடி ஏறும். ஒரு ஸ்கில் 100 வரை போகும், ஆனால் எல்லாம் சேர்த்து 700-க்கு மேல் கிடையாது. ஆக, எல்லாவற்றிலும் கெட்டிக்காரனாக இருக்க முடியாது. ஒரு ஊரில் நல்ல கொல்லன் யார் என்று பேர் சொல்லித் தேடிப் போனார்கள் என்றால் அதற்குக் காரணம் அந்த 700தான். இன்றைக்குக் கொல்லன், நாளைக்கு மந்திரவாதி, மறுநாள் ஹீலர் என்று எல்லோரும் எல்லாமும் ஆனால் யாருக்கு யார் தேவை?

---

முத்தியால்பேட்டை டேங்க் (புதுச்சேரி)

எனக்கு ஒரே ஆசை. ஹெல்மெட்டை மறைக்கிற பட்டன் முதல் நாளிலிருந்தே வேண்டும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து முகத்தைச் செதுக்கிவிட்டு லெவல் 5-ல் வாளியைக் கவிழ்த்த மாதிரி ஒரு இரும்பைத் தலையில் மாட்டி விடுகிறார்கள். மற்றதெல்லாம் பெரியவர்கள் பேசி முடியுங்கள்.

---

கெடிலக்கரை

நெக்ரோ, அல்டிமா உதாரணம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. 700 நிறைந்த பிறகும் அங்கே மாறலாம். எந்த ஸ்கில் ஏறணும், எது இறங்கலாம், எது அப்படியே நிற்கணும் என்று அம்புக்குறி வைத்துவிட்டுப் புதுசைப் பழகப் பழகப் பழசு கரையும். கொல்லன் மந்திரவாதி ஆகலாம், ஆனால் சுத்தியலை மறந்துகொண்டே வருவான். நான் கேட்கிற "உழைப்பு" அதுதான். கதவைப் பூட்டி வைக்க வேண்டாம், நடந்து போகிற தூரத்தில் வைத்தால் போதும்.

---

வில்லியனூர் வில்லாளி (புதுச்சேரி)

ஆண்கள் எல்லோரும் ஸ்டாட், புள்ளி என்றே போகிறீர்கள். நான் கேரக்டர் உருவாக்கும் திரையிலேயே நின்றுவிடுகிற ஆள், அதனால் அதைப் பற்றி.

ஒன்று, நிறம். ஸ்லைடரைக் கடைசி வரை இழுத்தால் நம் ஊர்க் கறுப்பு வருவதில்லை, சாம்பல் வருகிறது. எடிட்டர் திரையில் பார்க்கிறபோது சுமாராக இருக்கும், காட்டுக்குள் ராத்திரிக் காட்சியில் போய் நின்றால் கண்ணும் பல்லும்தான். இரண்டு, வயது. நரைத்த தாடி வைத்த கிழவனைச் செய்ய எல்லா கேமிலும் வழி இருக்கிறது, கிழவியைச் செய்ய வழியே இல்லை. நரைமுடி கொடுப்பார்கள், கீழே இருபது வயது முகம். மீன் கூடையோடு பஸ் ஏறுகிற ஆயாக்கள் மாதிரி, தோள் அகலமாக, கை நரம்பு தெரிய, ஒரு பாட்டி வில்லாளி எனக்கு வேண்டும். அது ஏன் ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை? மூன்று, துணி. புடவை என்று எழுதி ஸ்டோரில் விற்கிறார்கள், பார்த்தால் பாவாடை மேல் ஒரு சால்வை.

அப்புறம் ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்று 2003-ல் ஒன்று வந்தது, அதில் இமேஜ் டிசைனர் என்றே ஒரு தொழில் உண்டு. இன்னொரு பிளேயர் உங்கள் எதிரே உட்கார்ந்து உங்கள் முடியை, முகத்தை, உடம்பு வாகை மாற்றித் தருவார், நீங்கள் காசு கொடுப்பீர்கள். ஸ்டோரில் ஸ்கின் வாங்குவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். தோற்றம் மாற்றுவதே ஓர் ஆளின் பிழைப்பு, அந்த ஆளிடம் போனால் ஊர்வம்பும் கிடைக்கும்.

---

முத்தியால்பேட்டை டேங்க்

அக்கா, பாட்டி வில்லாளிக்கு முன்னால் அடி வாங்குகிற டேங்காக நான் நிற்கத் தயார். வெற்றிலைப் பொட்டலம் நான் வாங்கி வருகிறேன்.

---

லாஸ்பேட்டை பாலிகன் (புதுச்சேரி)

வில்லாளி கேட்டதற்குப் பதில் சொல்லலாம் என்று வந்தேன், நான் 3டி மாடலிங் வேலையில் இருக்கிறேன், கேம் வேலையும் கொஞ்சம் செய்திருக்கிறேன்.

முகம் சுலபம். முகத்தில் துணி இல்லை. ஸ்லைடரை இழுத்தால் எலும்புகள் கொஞ்சம் நகரும், அல்லது முன்கூட்டியே செய்து வைத்த இரண்டு வடிவங்களுக்கு நடுவில் எங்கேயோ நிற்கும். உடம்பு அப்படியில்லை. உடம்பு மாறினால் கேமில் இருக்கிற ஒவ்வொரு சட்டையும் ஒவ்வொரு கவசமும் அந்த உடம்புக்கு ஏற்ப மாறணும். 500 உடை இருக்கிறது, 4 உடம்பு வாகு என்றால் 2000 முறை சரிபார்க்கணும், இல்லாவிட்டால் தொப்பை கவசத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். பாட்டிக்கு முதுகு லேசாக வளைந்திருந்தால் ஓடுவது, குதிப்பது, வில் இழுப்பது எல்லா அனிமேஷனும் திரும்பப் பார்க்கணும். சோம்பேறித்தனமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் செலவுதான் முதல் காரணம்.

புடவை இன்னும் கஷ்டம். மடிப்பு என்பது ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிற துணி. இயந்திரத்துக்கு ஒரு துணி உடம்பில் இடிக்கிறதா என்று பார்க்கவே மூச்சு வாங்கும், துணி தன்மேலேயே இடிக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் ஃபிரேம் ரேட் போய்விடும். அதனால் மடிப்பை அசையாத ஒரே துண்டாக மாடல் செய்து முந்தானையை மட்டும் ஆட விடுவோம். கேமில் அதுதான் நடைமுறை, நன்றாகச் செய்தால் கண்ணுக்குத் தெரியாது.

நிறம் சாம்பலாகத் தெரிவதற்குக் கலைஞர்கள்தான் பொறுப்பு. வெளுத்த தோலை வைத்து விளக்கை அமைத்துவிட்டு அதே அமைப்பில் கறுப்பை வைத்துப் பார்ப்பதே இல்லை. கறுப்புத் தோல் அழகாகத் தெரிவது மினுமினுப்பில், பக்கத்திலிருந்து விழும் வெளிச்சத்தில். அதை அணைத்துவிட்டு நிறத்தை மட்டும் இருட்டாக்கினால் சாம்பல்தான் வரும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 200 ஸ்லைடர் வைத்தால் நெட் அதிகம் இழுக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை. உங்கள் முகம் முழுதாக நெட்டில் போவதில்லை, சில நூறு எண்கள்தான் போகும், எதிராளியின் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துத் தானே செய்துகொள்ளும். பிரச்சினை கில்ட் (ஆடுகிறவர்கள் குழு) சண்டையில் 100 பேர் ஒரே திரையில் வரும்போது. எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால் கிராபிக்ஸ் கார்டு மொத்தமாக வரைந்துவிடும், ஆளுக்கொரு முகம், ஆளுக்கொரு உடை என்றால் தனித்தனியாக வரையணும். நூறு பேர் சண்டையில் படம் நின்று நின்று வருவது பெரும்பாலும் அதனால்தான்.

---

பண்ருட்டி பலா

மேலே எழுதியவர்கள் எல்லோரிடமும் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது போல. என்னிடம் போன்தான், அதுவும் 4 ஜிபி ராம். இந்தப் பக்கத்தில் ஆடுகிற பையன்களில் பாதிக்கு மேல் போன்தான் என்று அடித்துச் சொல்வேன். ஆகவே என் ஆசை: எதிராளிகளின் அலங்காரத்தைக் குறைத்துக் காட்டுகிற செட்டிங் கட்டாயம் வேண்டும். நீங்கள் புடவை மடிப்பைப் பாருங்கள், எனக்கு ஒரு பொம்மை நின்றால் போதும், எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் சரி.

அதைவிட முக்கியம், தினமும் உள்ளே வந்தால்தான் பரிசு என்கிற இழவு வேண்டாம். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது, முந்திரித் தோப்பு, பலா மரம் எல்லாம் படுத்துவிட்டது, கிராமங்களில் எவ்வளவு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது பாண்டிக்காரர்களும் பார்த்தார்கள். அப்படி ஒரு வாரம் வர முடியாமல் போனால் சீசன் பாஸ் போச்சு, விடாமல் வந்த நாள் கணக்கான ஸ்ட்ரீக் போச்சு. விண்வெளிக் கப்பல் ஓட்டுகிற ஈவ் ஆன்லைனில் பிடித்தது அதுதான், ஒரு ஸ்கில்லைக் கற்றுக்கொள்ள விட்டுவிட்டு வெளியே வந்தால் நிஜ நேரத்தில் அதுபாட்டுக்குக் கற்றுக்கொண்டிருக்கும். நான் கரண்ட் இல்லாமல் கொசு அடித்துக்கொண்டிருக்கும்போது என் பைலட் படித்துக்கொண்டிருக்கிறான்.

பிங், அதாவது சர்வருக்குச் சேதி போய் வருகிற நேரம், அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மும்பையில் சர்வர் வைத்தால் இந்தியாவுக்கு வைத்தாயிற்று என்று நினைக்கிறார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் நேராகக் கேபிள் இருக்கிறது, எங்களுக்குச் சிங்கப்பூர் ஒன்றும் தூரம் இல்லை. எதில் சேருவது என்று தேர்ந்தெடுக்க விடுங்கள், பூட்டாதீர்கள்.

---

நெய்வேலி நெக்ரோ

பலா சொன்னதில் தினப்பரிசு விஷயத்துக்கு என் முழு ஓட்டு. ஆனால் ஈவ் முறையில் ஒரு குறை, 2003-ல் சேர்ந்தவனை இன்று சேர்கிறவன் மொத்தப் புள்ளிக் கணக்கில் எட்டிப் பிடிப்பது கஷ்டம். காசு கொடுத்து ஸ்கில் புள்ளி வாங்குகிற வழியும் பிறகு வந்துவிட்டது, கெடிலக்கரை பயப்படுகிற கார்டு நம்பர் அங்கேதான் நுழைந்தது.

சரி, நான் விட்ட இடத்துக்கு வருகிறேன். சுதந்திரம் கொடுத்தால் எல்லோரும் வித்தியாசமாக ஆடுவார்கள் என்பது ஆசை, நடப்பது வேறு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் டேலண்ட் மரம் (கிளை கிளையாகத் திறமைகளைத் தேர்ந்தெடுக்கிற படம்) இருந்தது, புள்ளி புள்ளியாகப் போடலாம். என்ன ஆனது? யாரோ ஒருத்தர் கணக்குப் போட்டு வெப்சைட்டில் வைப்பார், எல்லோரும் அதையே காப்பி அடிப்பார்கள், வேறு மாதிரி போட்டிருந்தால் ரெய்டில் (பெரிய குழுவாகப் போகிற சண்டையில்) சேர்க்க மாட்டார்கள். 2012-ல் அந்த கேமின் கம்பெனி பிளிசர்ட் மரத்தையே வெட்டி, சில லெவலுக்கு ஒருமுறை மூன்றில் ஒன்றை எடு என்று ஆக்கியது. அப்போதும் ஜனங்கள் அதையே கணக்குப் போட்டார்கள். 2022-ல் டிராகன்ஃப்ளைட் என்கிற புதுப் பகுதியில் மரம் திரும்பி வந்தது. பத்து வருடம் சுற்றி வந்து அதே இடம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனிலும் 2025-ல் ஒரு கிளாஸின் ஸ்கில் வரிசையை எடுத்துவிட்டு வேறு கிளாஸுடையதை வைக்கலாம் என்று திறந்துவிட்டார்கள், உடனே எந்த மூன்று வரிசை பெஸ்ட் என்கிற வீடியோதான் வந்து குவிந்தது. கணக்குப் பிள்ளைகள் இருக்கிற வரை ஸ்லைடரால் ஒன்றும் நடக்காது.

---

கெடிலக்கரை

காப்பி அடிக்கிறவர்கள் அடிக்கட்டும். பாத் ஆஃப் எக்ஸைலில் எல்லா கிளாஸுக்கும் பொதுவாக ஆயிரத்துக்கும் மேல் புள்ளி வைத்த ஒரே பெரிய மரம், நிறையப் பேர் கைடு பார்த்துத்தான் ஆடுகிறார்கள், ஆனாலும் கைடு இல்லாமல் கிறுக்குத்தனமாக ஒன்று செய்து அதையும் ஓட வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கிறுக்கர்களுக்காகத்தான் நான் வாதாடுகிறேன். முதல் பாகத்தில் புள்ளியைத் திரும்ப எடுக்க ரிக்ரெட் ஆர்ப் என்கிற பொருளைச் சேர்க்க வேண்டியிருந்தது, 2024 டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது கேமில் கிடைக்கிற தங்கமே போதும் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் முடிவுக்கு மதிப்பில்லை என்று சொல்லக் காணோம்.

ரெய்டில் சேர்க்க மாட்டேன் என்கிறார்களே, அதற்குக் காரணம் மரம் இல்லை, ரெய்டுதான். எல்லாச் சண்டையும் ஒரே கணக்கு, எவ்வளவு வேகமாக அடிக்கிறாய். பூட்டு திறக்கிறவன், எதிரியைப் பேச்சால் மடக்குகிறவன், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன் எல்லோருக்கும் வேலை இருக்கிற மாதிரி இடங்களைச் செய்தால் ஒரே பில்டு எல்லா இடத்திலும் பெஸ்ட்டாக இருக்க முடியாது. வில்லாளி சொன்ன கேலக்ஸீஸில் அது இருந்தது. 250 ஸ்கில் புள்ளி, முப்பதுக்கும் மேல் தொழில், அதில் டான்ஸரும் உண்டு, டாக்டரும் உண்டு, தையற்காரரும் உண்டு, எதையும் எதோடும் கலக்கலாம். 2005 நவம்பரில் கம்பெனி ஒரே அடியாக எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்பது தொழிலாகச் சுருக்கியது. புது ஆட்கள் வருவார்கள் என்று நினைத்தார்கள். இருந்தவர்கள்தான் கூட்டமாக வெளியேறினார்கள். 2011 டிசம்பரில் மூடிவிட்டார்கள். ஆடுகிறவன் தன் ஆளைத் தானே மாற்றலாம், கம்பெனி ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினால் யார் இருப்பார்கள்?

---

ஓ.டி. கோடர் (கடலூர் முதுநகர்)

பேரைப் பற்றி யாருமே பேசவில்லையே? முகம், துணி, ஸ்கில் எல்லாம் இஷ்டம் போல, ஆனால் பேரைத் தமிழில் வைக்க முடியாது, அ-வைத் தட்டினாலே "செல்லாத எழுத்து" என்று சிவப்பில் வருகிறது.

சில கேமில் அனுமதித்துவிட்டும் சொதப்புகிறார்கள். யூனிகோடில் "கெ" என்றால் முதலில் க, அப்புறம் கொம்பு என்று சேமிக்கப்படும், திரையில் கொம்பு இடது பக்கம் வரணும். அதை இடம் மாற்றி வரைய ஷேப்பிங் என்று ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாத எஞ்சினில் கொம்பு தவறான பக்கம் தொங்கும், "கொ" என்றால் இரண்டு பக்கமும் குழப்பம். இப்போது அன்ரியல், கோடோ 4 என்கிற எஞ்சின்கள் இரண்டுமே ஷேப்பிங் செய்கின்றன, ஆக முடியாது என்று சொல்ல இனிமேல் சாக்கு இல்லை.

அடுத்தது நீளம். வார்கிராஃப்டில் பேருக்கு 12 எழுத்து வரை. அதே அளவைத் தமிழுக்கு வைத்தால் என்ன ஆகும் பாருங்கள்: கார்த்திகேயன், நம் கணக்கில் 7 எழுத்து. கம்ப்யூட்டர் புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும், 13 வரும். முருகன் பேர் உள்ளே போகாது. எண்ணும்போது முழு எழுத்தாக எண்ணுங்கள் என்பதுதான் என் கோரிக்கை, யூனிகோடிலேயே அதற்கு வழிமுறை இருக்கிறது.

---

முத்தியால்பேட்டை டேங்க்

"வேல்" என்று வைத்துவிட்டு வாருங்கள் கோடர். கம்ப்யூட்டர் கணக்கிலும் நாலுதான்.

---

ஓ.டி. கோடர்

வேல் எப்போதோ எவனோ எடுத்துவிட்டான். வேல்001 ஆகத் திரிய எனக்கு இஷ்டமில்லை.

---

மிஷன்வீதி மாயாவி (புதுச்சேரி)

கேரக்டருக்குப் பூர்வீகம் வேண்டும், அதில் நம் ஊர் வேண்டும். எந்த கேமைத் திறந்தாலும் பனிமலைக் கிராமத்து அநாதை. அரிக்கமேட்டில் ஒரு கேரக்டரைத் தொடங்க விட்டால் என்ன? 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஜாடிகள் கிடைத்த துறைமுகம், கண்ணாடி மணியும் கல்மணியும் செய்த ஊர். மணி செய்கிறவன், படகுக்காரன், கணக்கு எழுதுகிறவன், மூன்று பூர்வீகம் ரெடி. மணியில் மந்திரம் ஏற்றுவதைக் கிராஃப்டிங்காக வைக்கலாம்.

---

நெய்வேலி நெக்ரோ

இது எனக்குப் பிடித்திருக்கிறது, ராஜா கதை இல்லாமல் இருக்கிற வரை. தமிழ் கேம் என்று யாராவது வாயைத் திறந்தால் உடனே புலிக்கொடி, யானை, ஆயிரம் பேர் படை. நான் கணக்கு எழுதுகிற நெக்ரோமேன்சராக இருந்துவிட்டுப் போகிறேன், செத்தவர்களின் பாக்கியை வசூலிக்கணும்.

---

பண்ருட்டி பலா

அதையும் 4 ஜிபி ராமில் ஓட வையுங்கள்.

---

வில்லியனூர் வில்லாளி

பாலிகன் தம்பி, விளக்கத்துக்கு நன்றி, கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி அந்த விளக்கு அமைக்கிறவர்கள் மேல். ஒரு சந்தேகம், தோற்றத்தையும் சக்தியையும் முழுக்கப் பிரித்து வைத்த கேம் ஏதாவது உண்டா? ஃபைனல் ஃபேண்டஸி 14-ல் ஒரே ஆள் எல்லா வேலையும் கற்கலாம், ஆயுதத்தை மாற்றினால் ஜாப் மாறும், அது சௌகரியம். ஆனால் முகத்தை மாற்ற ஃபேண்டேசியா மருந்து வேண்டும், கதையில் ஒன்று சும்மா கிடைக்கும், அதற்கு மேல் ஸ்டோரில் காசு.

---

லாஸ்பேட்டை பாலிகன்

உண்டு அக்கா. சிட்டி ஆஃப் ஹீரோஸ், 2004. உடைக்கும் பலத்துக்கும் சம்பந்தமே கிடையாது, எதைப் போட்டாலும் அடி அதே அடி. தலை, தோள், கை, பெல்ட் என்று துண்டு துண்டாக மாட்டலாம், கூத்தில் வேஷம் கட்டுகிறபோது கிரீடம் தனி, புஜம் தனி, மார்புப் பதக்கம் தனி என்று ஏற்றுவார்களே, அந்த வரிசைதான். பின்னால் சக்தியின் நிறத்தையும் மாற்ற விட்டார்கள். 2012 நவம்பர் 30-ல் மூடினார்கள், ரசிகர்கள் நடத்துகிற ஹோம்கமிங் சர்வருக்கு 2024 ஜனவரியில் கேமின் உரிமை வைத்திருக்கிற என்சிசாஃப்ட் முறையாக லைசன்ஸ் கொடுத்தது. காசு கிடையாது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். பலா, போனில் ஓடாது, மன்னிக்கணும்.

---

கெடிலக்கரை

அப்படியானால் புது கேம் வருகிற வரை அதிலே கூடலாமே. சனிக்கிழமை ராத்திரி 9 மணி, ஐரோப்பாவில் இருக்கிற ரீயூனியன் சர்வர், அமெரிக்க சர்வரை விட நமக்குப் பிங் குறையும். டவுன்லோடை முந்தின நாளே போட்டு வையுங்கள். பலா, மஞ்சக்குப்பம் வந்தால் என் பழைய லேப்டாப் சும்மா கிடக்கிறது, உட்கார்ந்து ஆடலாம்.

---

பண்ருட்டி பலா

வருகிறேன் அண்ணே. கடைசி பஸ்ஸுக்கு விட்டுவிடணும், இல்லாவிட்டால் அங்கேயே படுக்கைதான்.

---

முத்தியால்பேட்டை டேங்க்

நான் 7 மணிக்கே வந்துவிடுகிறேன், முகம் செய்ய இரண்டு மணி நேரம் வேண்டும். ஹெல்மெட்டை மறைக்கிற பட்டன் இருக்கிறதா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

---

லாஸ்பேட்டை பாலிகன்

ஹெல்மெட்டே போடாமல் விடலாம்.